மலையிறங்கும் பெண்ணுக்கு: நீலகிரியிலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ தனியாகக் குடிபெயர முழு வழிகாட்டி

பச்சைத்தேயிலை விலையை நம்பி இனி வீடு ஓடாது என்று கணக்குப் போட்டவர், ஊட்டியிலோ குன்னூரிலோ டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர், எஸ்டேட் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியே வர நினைப்பவர், கல்யாணம் முறிந்து அம்மா வீட்டுக்கு வந்து மறுபடி எழுந்து நிற்க வேண்டியவர் என்று பலதரப்பட்ட பெண்களுக்காக இது எழுதப்படுகிறது. கீழே போய்ச் செய்ய வேண்டிய வேலையைவிட, போகும் முன் மலையிலேயே முடிக்க வேண்டிய வேலை அதிகம். அதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். சிம், வங்கிக் கணக்கு, அட்வான்ஸ் ரசீது, வாடகை ஒப்பந்தம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண் என்று எதை எடுத்தாலும் அது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் சிம். நம் வீடுகளில் பெண்ணின் கைப்பேசி எண் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ கணவர் பெயரிலோ இருப்பது சாதாரணம். எண் அவர்கள் பெயரில் இருக்கும்வரை, கோபத்தில் ஒரு நாள் சிம்மைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி மாற்று சிம் வாங்கும் உரிமையும் அவர்களுடையது. அப்படி வாங்கினால் உங்கள் வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். இணக்கமான வீடென்றால் இருவரும் ஆதாருடன் கம்பெனி ஷோரூமுக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் உங்கள் ஆதாரில் புது சிம் வாங்கி, ஆதார், வங்கி, மின்னஞ்சல் மூன்றிலும் அந்த எண்ணைப் பதிந்த பிறகே கிளம்புங்கள். ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தால், அதை ஊட்டியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ முடிப்பது சுலபம். கீழே போய், வேலைக்கு விடுப்புப் போட்டு வரிசையில் நிற்க நேரம் கிடைக்காது.

அடுத்தது வங்கிக் கணக்கு. அம்மாவுடன் சேர்ந்த ஜாயின்ட் கணக்கு போதாது, உங்கள் ஒற்றைப் பெயரில் ஒன்று வேண்டும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கே போதும். வேலையில் சேர்ந்ததும் கம்பெனி ஒரு சம்பளக் கணக்கு திறந்து கொடுக்கும். பழையதை மூடாதீர்கள். சம்பளம் ஒன்றில் வரட்டும், சேமிப்பு மற்றதில் இருக்கட்டும்.

சான்றிதழ்களில் அதிகம் சிக்குவது பெயர்தான். ஆதாரில் முதலெழுத்து முன்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பிறந்த தேதியும் சிலருக்கு ஒரு நாள், ஒரு மாதம் மாறியிருக்கும். வேலையில் சேரும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்று வருடம் கழித்துப் பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வரும். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஒத்துவரத் திருத்துங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் தாத்தா காலத்து ஆவணத்தில் ஒரு எழுத்து, ரேஷன் அட்டையில் வேறு எழுத்து என்று கிடப்பது அதிகம். அவர்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் நாள் ஒதுக்க வேண்டும்.

சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். உதகை, குன்னூர், கூடலூர் என்று நம் மாவட்டத்தில் மூன்று கோட்டங்கள். களவிசாரணை இருப்பதால் நாளாகும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் போடுங்கள். மூலச் சான்றிதழ்களை முதல் தடவை கீழே கொண்டுபோகாமல் வீட்டிலோ நம்பகமான ஒருவரிடமோ விட்டுச் செல்வது நல்லது. நேர்முகத் தேர்வுக்கு நகல் போதும், மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் எடுத்துப் போய்க் காட்டித் திரும்பக் கொண்டுவரலாம். வீட்டுச் சூழல் சரியில்லாதவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் முதல் பையில் வைக்க வேண்டியதே மூலச் சான்றிதழ்தான்.

கோவையா, சென்னையா

முதல் முறை தனியாக இறங்குபவருக்குக் கோவைதான் எங்கள் பரிந்துரை. ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிக்கடி உண்டு, காய்ச்சல் வந்தால் அதே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆஸ்பத்திரிகள், ஜவுளிக் கடைகள், பம்ப்-மோட்டார் கம்பெனிகள், சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐ.டி., பி.பி.ஓ. அலுவலகங்கள் என்று தொடக்க நிலை வேலைக்குக் குறைவில்லை. சென்னை சம்பளம் கொஞ்சம் கூடுதல், வாடகையும் தூரமும் அதைவிடக் கூடுதல். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தால், அல்லது உங்கள் துறைக்கு அங்கேதான் வேலை என்றால் மட்டும் நேராகச் சென்னை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் கம்பெனி தங்குமிடம் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். அந்தப் பகுதியில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூரும் பெங்களூரும் பக்கம் என்றாலும், கன்னடம் பேச வராதவருக்கு முதல் வருடம் கோவையே சுலபம்.

வேலையைப் பிடிப்பதும் சம்பளத்தைப் படிப்பதும்

தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையத்தில் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாம்களும் இலவசம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்று வேலைக்கு முன் யார் பணம் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வாட்ஸாப்பில் வரும் ஆஃபர் லெட்டரில் உள்ள நிறுவனப் பெயரைத் தேடி, அதன் சொந்த இணையதளத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். அனுப்பியவர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டால் அவரேதான் எடுப்பார்.

மில் வேலைக்கு ஆள் பிடிக்க எஸ்டேட் பக்கம் வரும் புரோக்கர்களிடம் கூடுதல் கவனம் தேவை. ‘மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகக் கல்யாணப் பணம்’ என்ற பேச்சு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் நெடுநாள் ஓடியது. இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவருக்கு மொத்தப் பணம் கிடைக்காமல் போவதுதான் அதன் சூட்சுமம். மாதச் சம்பளம் மாதாமாதம் உங்கள் கணக்கில் விழ வேண்டும். விடுதியிலிருந்து வெளியே போய்வரவும் கைப்பேசி வைத்துக்கொள்ளவும் உரிமை இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போகாதீர்கள்.

சம்பளம் 15,000 என்று சொன்னால் கைக்கு 15,000 வராது. முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளமாகக் கணக்கிடப்பட்டால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். மிச்சம் 13,087. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் சேரும். ‘சி.டி.சி. 15,000’ என்றால் இன்னும் குறையும், ஏனென்றால் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையையும் அந்த 15,000-க்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். ‘கைக்கு எவ்வளவு வரும், எந்தத் தேதி விழும்’ என்று ஹெச்.ஆரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எந்த நிறுவனமும் மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரட்டும். வைத்துக்கொள்ளும் இடத்தில், வேறு நல்ல வேலை கிடைத்தாலும் நகர முடியாது.

கையில் எவ்வளவு வேண்டும்

மாதம் பத்தாம் தேதி வேலைக்குச் சேர்ந்தால் அந்த மாதத்துக்கு அரைகுறைச் சம்பளம்தான் வரும், அதுவும் அடுத்த மாதம் ஐந்தாம் தேதியோ ஏழாம் தேதியோ வரும். முழுச் சம்பளம் கையில் விழ ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டப் பணம் வேண்டும்.

கோவையில் சாப்பாட்டுடன் ஹாஸ்டல் 6,500 என்று வைத்தால், அட்வான்ஸ் 6,500, இரண்டு மாதக் கட்டணம் 13,000. மெத்தை, தலையணை, பக்கெட், கொசுவலை, பூட்டு, இரண்டு செட் பருத்தி உடை, செருப்பு எல்லாம் சேர்த்து 4,000. கைச்செலவு மாதம் 2,500 வீதம் 5,000. அவசரத்துக்கு ஊர் திரும்ப, டாக்டருக்கு 3,000. மொத்தம் 31,500. சென்னையில் ஹாஸ்டல் 8,500, கைச்செலவு 3,500, அவசரத் தொகை 5,000 என்று அதே கணக்கைப் போட்டால் 41,500. பகுதிக்குப் பகுதி வாடகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

இந்தத் தொகையை அம்மாவின் சுயஉதவிக் குழுக் கடனாகவோ கூட்டுறவு நகைக் கடனாகவோ எடுக்கலாம். கைப்பேசிக் கடன் செயலி மட்டும் வேண்டவே வேண்டாம். போட்டோவையும் தொடர்பு எண்களையும் உருவிக்கொண்டு, தவணை தாமதமானால் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் அசிங்கமாக அனுப்புவது அவர்கள் தொழில்முறை. முதல் மூன்று மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்காதீர்கள். கேட்பதற்குக் கடினமாகத்தான் இருக்கும். முதல் மாதமே 3,000 அனுப்பத் தொடங்கினால் வீடு அதை வரவாக எண்ணிவிடும், அதன் பிறகு பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது.

தங்குமிடம்

இதில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள். போட்டோ பார்த்து ஜி-பேயில் அட்வான்ஸ் அனுப்பக் கூடாது. முதல் நான்கைந்து நாளுக்கு உறவினர் வீடு, கல்லூரித் தோழி அறை என்று ஏதாவது ஒன்றில் தங்கி, அதற்குள் குறைந்தது மூன்று இடங்களை நேரில் பாருங்கள். சென்னையில் யாருமே இல்லாதவர்களுக்கு, பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் உண்டு, சென்ட்ரலிலிருந்து தூரமில்லை. வேலை செய்யும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் இயங்குகின்றன. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பும், ஆகவே மலையிலிருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

தனியார் ஹாஸ்டல் என்றால் முதல் கேள்வி உரிமம். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெறாமல் விடுதி நடத்தக் கூடாது. உரிமம் வாசலிலோ அலுவலக அறையிலோ மாட்டியிருக்கும். ‘அப்ளை பண்ணியிருக்கோம்மா’ என்பது பதிலாகாது. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பிடித்த தீயில் உயிர்கள் போயின. ஆகவே படிக்கட்டு ஒன்றா இரண்டா, வாசல் கிரில் இரவில் பூட்டப்பட்டால் சாவி யாரிடம், ஒரே சாக்கெட்டில் எத்தனை மல்டி-பிளக் தொங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நேரம் மதியம் மூன்று மணியாக இருக்கட்டும். மலைப்பெண்கள் பலர் காலை எட்டு மணிக்குப் போய் ‘காற்றோட்டமாக இருக்கிறது’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பகல் முழுக்கக் கான்கிரீட் உறிஞ்சிய சூடு இரவு பதினோரு மணிவரை இறங்கும், மேற்குச் சுவர் அறையும் அப்படித்தான். வாடகை 500 ரூபாய் குறைகிறது என்று மேல்தளத்தை எடுக்காதீர்கள். நடுத்தளம், கிழக்கோ வடக்கோ ஜன்னல், இரண்டு கட்டிலுக்கு ஒரு மின்விசிறியாவது, ஜன்னலில் கொசுவலை. சுவிட்சைப் போட்டு விசிறியை ஐந்தில் வைத்து, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து காற்று வருகிறதா என்று பாருங்கள். ஊட்டி வீடுகளில் விசிறியே கிடையாது என்பதால் நமக்கு இதைச் சோதிக்கத் தோன்றாது.

தண்ணீருக்கு ஒரு சோதனை உண்டு. குழாய் முனையிலும் பாத்ரூம் டைல்ஸிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, துணி மங்கும், ஷாம்பு போட்டாலும் தலை பிசுபிசுக்கும். கோவையில் சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர் வரும் தெரு எது, போர் தண்ணீர் மட்டும் உள்ள தெரு எது என்று கேட்டே அறை பிடிப்பவர்கள் உண்டு. பில்லூருக்கு வருவது நம் குந்தா மலைப் பக்கத்துத் தண்ணீர்தான். சென்னையில் குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவது வழக்கம், அது கட்டணத்துக்குள் வருமா, தனியா என்று கேளுங்கள்.

பிறகு கட்டணம். சொல்லும் தொகையில் கரன்ட் அடங்குமா, தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? காலி செய்ய எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும்? அட்வான்ஸில் பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள்? வார இறுதியில் ஊருக்குப் போனால் மெஸ் காசு குறையுமா? அம்மா வந்தால் ஒரு இரவு தங்கலாமா? இரவு எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள், ஷிஃப்ட் வேலைக்கு விலக்கு உண்டா? வாய்ப்பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘பாத்துக்கலாம்மா’ என்றுதான் வரும். ஒத்துக்கொண்டதை அன்று மாலையே வார்டன் எண்ணுக்கு வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். காலி செய்யும் நாளில் அந்த ஒற்றைச் செய்திதான் அட்வான்ஸைத் திருப்பி வாங்கித் தரும். பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள், ரொக்கமென்றால் பெயரும் தேதியும் போட்ட ரசீது வேண்டும். நுழைந்த நாளே சுவர், கட்டில், கண்ணாடி, அலமாரிப் பூட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

இருக்கிற பெண்களில் ஒருவரிடம், வார்டன் இல்லாத நேரத்தில், ‘அக்கா, சாப்பாடு எப்படி? அட்வான்ஸ் திருப்பித் தர்றாங்களா?’ என்று கேட்பது மேற்சொன்ன அத்தனையையும்விடப் பயன் தரும்.

இறங்கும் நாள்

சனி, ஞாயிறு வேண்டாம், மே மாத சீசன் வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் காலை கிளம்பினால் மலைப்பாதை காலியாக இருக்கும். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருபவர்கள் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இல்லாமல் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவு அபாயம், குன்னூர் வழி மூடினால் கோத்தகிரி வழி.

சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், எண் 12672, காலையில் சென்ட்ரலில் விடும். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஒதுக்கீடு உண்டு, பதியும்போது பொதுப் பிரிவுக்குப் பதில் ‘லேடீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பொதுவில் இடம் தீர்ந்த நாளிலும் சில நேரம் கிடைக்கும். சென்ட்ரலில் இறங்கியதும் மெட்ரோ நிலையம் கீழேயே இருக்கிறது. தாம்பரம் பக்கம் போக எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கு மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி தனி. பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும், நகருக்குள் போக இன்னொரு பயணம் பிடிக்கும்.

ஸ்வெட்டர் ஒன்று போதும், கம்பளியை வீட்டில் விடுங்கள். ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை. படி ஏறும்போது இரண்டையும் நீங்களே தூக்க முடிய வேண்டும், அதுதான் அளவு.

உடம்பு பழகும் முதல் இரண்டு வாரம்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை சுமார் 411. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி ஏறும். ஆகவே ஒரே காலையில் உங்கள் உடம்பு ஏறக்குறைய 12 டிகிரி கூடுதல் வெப்பத்துக்குள் இறங்குகிறது. வியர்வைச் சுரப்பு இதற்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முடிந்தால் வேலை தொடங்கும் ஒரு வாரம் முன்பே இறங்குங்கள். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு வேளை உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ. தலைவலியும் சோர்வும் முதல் வாரம் பலருக்கு வரும். வாந்தியும் குழப்பமும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வேர்க்குரு தானாக அடங்கும். தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு நாடா படும் இடங்களில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒன்றை நீட்டுவார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும், நன்றாகக் காய்ந்ததை மட்டும் போடுங்கள். வீட்டில் மழைக்காலத்தில் அடுப்புச் சூட்டில் உலர்த்திய ஈரப்பதத் துணியை இங்கு போட்டால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

கொசு நமக்குப் பழக்கமில்லாதது, டெங்கு பகலில் கடிக்கும் கொசுவால் வருகிறது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

பணியர், இருளர், குறும்பர் குடும்பத்துப் பெண்கள் இறங்கும் முன் பரம்பரை ரத்தநோயான அரிவாள் செல் சோகைக்குப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். நோய் இருப்பவருக்கு உடலில் நீர் வற்றுவதே கடும் வலியைத் தூண்டும். பரிசோதனை அட்டையையும் மாத்திரையையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே ரத்தநோய்ச் சிகிச்சை கிடைக்கும் என்று முதல் வாரமே தெரிந்துவைக்க வேண்டும்.

பஸ்ஸும் வேலையிடமும்

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் மட்டும். கோவையில் தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். நீலகிரி மலைப் பஸ்களுக்கு 2024 பிப்ரவரியில் இந்தச் சலுகை வந்தது, ஊட்டி-கோவை பஸ்ஸுக்கு இல்லை. அறைக்கும் வேலைக்கும் இடையே ஒரே பஸ்ஸில் போக முடிகிற இடமாகப் பிடியுங்கள். இரண்டு பஸ் மாறும் இடத்தில் வாடகை 1,000 குறைந்தாலும் அந்த மிச்சம் ஆட்டோவுக்குப் போய்விடும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வேலை மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) கொடுங்கள், இரண்டாவது எண் உருவானால் பணம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இ.எஸ்.ஐ. எண் கிடைத்த அன்றே சிகிச்சைக்குத் தகுதி வந்துவிடும். கோவையில் சிங்காநல்லூர் பக்கம் வரதராஜபுரத்திலும் சென்னையில் கே.கே. நகரிலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

ஜவுளிக் கடை, நகைக் கடை வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. இருக்கை இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்று சேரும் முன் ஒரு வாடிக்கையாளராகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். சின்னக் கடையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். செய்தியும் அழைப்பும் அழிக்காமல் இருக்கட்டும், தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

தொந்தரவை விட்டு வெளியேறுபவருக்கு

அடி, மிரட்டலிலிருந்து விலகி வருபவருக்கு வரிசை வேறு. கிளம்பும் முன் கூகுள் கணக்கு வேறு கைப்பேசியில் திறந்திருக்கிறதா, வாட்ஸாப்பில் இணைந்த கருவிகள் எவை, மேப்பில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா என்று பார்த்து மூன்றையும் துண்டியுங்கள். யு.பி.ஐ. பின், ஏ.டி.எம். பின் மாற்றுங்கள். உங்களுக்கென்று வந்த நகை உங்கள் சொத்து, எடுத்துச் செல்லலாம். எடுத்ததைப் போட்டோவில் பதிந்து வையுங்கள்.

18 வயது முடிந்த பெண் விருப்பப்பட்டு வெளியேறுவது குற்றமில்லை. வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்கக் கூடுமென்றால், ‘என் விருப்பத்தில் போகிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முகவரி எழுத வேண்டியதில்லை. 181 எண்ணில் பெண்கள் உதவி மையம் 24 மணி நேரமும் எடுக்கும், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். உடனடி ஆபத்துக்கு 112. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், அதற்காக மலையேறி வர வேண்டியதில்லை. பணம் ஏமாந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் தடுத்து நிறுத்தப்பட வாய்ப்பு.

ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு

ஆறு மாதம் வேலை நிலைத்த பிறகு இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வீடு பிடிக்கலாம். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நடப்பில் சென்னையில் ஐந்து மாதம், அதற்கு மேலும் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, சொல்லி இரண்டு மாதம் குறைப்பது நடக்கும். ஒப்பந்தத்தில் தங்கும் எல்லோர் பெயரும், யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார் என்பதும் எழுதப்பட வேண்டும். ஒருத்தி பெயரில் மட்டும் போட்டால் அவள் கல்யாணமாகிப் போகும் நாளில் மற்றவர்களின் பணம் கேள்விக்குறி. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னை வழக்கம், அதையும் முன்பே பேசி எழுதுங்கள்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லாதவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், கீழே நூறு. வீட்டில் பழகிய விசில் கணக்கை அப்படியே வைத்தால் சோறு குழைந்துவிடும், ஒன்று குறைத்துப் பாருங்கள்.

ஸ்கூட்டர் வாங்குபவர்கள் பதிவெண்ணை யோசியுங்கள். 2024 மே 7 முதல் வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. மலையில் பதிந்த வண்டியைக் கீழே கொண்டுபோய் ஓட்ட மறுபதிவு தேவையில்லை என்பதால், ஊரிலேயே வாங்கி இறக்கிவிடுவது மேல். படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வரும்போது சோதனைச் சாவடியில் கைப்பேசியைத் துழாவ வேண்டியிருக்காது.

ரேஷன் அட்டையில் உங்கள் பெயரை உடனே நீக்க வேண்டாம். புது அட்டை வாங்கச் சொந்தச் சமையலறையும் வாடகை ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகு அதைச் செய்யலாம். ஆதார் முகவரியும் அதுவரை மலை முகவரியாகவே இருக்கட்டும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8, அதையும் அதே சமயத்தில் முடித்துவிடலாம்.